சூரியத் தகட்டின் கண்ணாடி ஏன் சொரசொரப்பாக இருக்கவேண்டும்?

உங்கள் வீவக புளோக்கின் கூரையில் சூரியத் தகடுகள் இருக்கின்றனவா? அவை தரும் மின்சாரம் பகலில் மின்தூக்கி, தண்ணீர்ப் பம்பு போன்ற பொதுச் சேவைகளுக்குப் போகிறது. ஆனால் தகட்டில் விழும் வெயில் முழுவதும் உள்ளே போவதில்லை. கொஞ்சம், மேலே இருக்கும் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது.

எவ்வளவு வீணாகிறது?

வெயில் நேராக விழும்போது, வழவழப்பான சாதாரணக் கண்ணாடி சுமார் 4 விழுக்காட்டு ஒளியைத் திருப்பி அனுப்பும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது இழப்பு இன்னும் கூடும்.

சொரசொரப்பு எப்படி உதவுகிறது?

கண்ணாடியின் மேற்பரப்பில் நுண்ணிய மேடு பள்ளங்களைப் பதிக்கிறார்கள். ஒரு சரிவில் பட்டுத் தெறிக்கும் ஒளி, பக்கத்துச் சரிவில் மோதும். உள்ளே நுழைய அதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும். வெளியே போகும் ஒளியும் சிதறுவதால் எதிர்வீட்டுக்காரரின் கண் கூசாது.

சும்மா 4 விழுக்காடுதானே?

இடம் தாராளமாக இருக்கும் நாடு என்றால் இன்னும் நாலு தகடு வைத்துவிடலாம். சிங்கப்பூரில் அது முடியாது. 2030க்குள் குறைந்தது 2 கிகாவாட் உச்ச சூரியசக்தி ஆற்றலை எட்டுவது 2021இல் அறிவிக்கப்பட்ட பசுமைத் திட்டத்தின் இலக்கு. அதற்காகத்தான் தெங்கே நீர்த்தேக்கத்தின் மீதுகூட 122,000 தகடுகள் மிதக்கின்றன. அவற்றின் உற்பத்தி சுமார் 16,000 நான்கறை வீடுகளின் தேவைக்குச் சமம். ஒரு பேச்சுக்கு அது 1 விழுக்காடு கூடினால்? ஒரு தகடுகூடச் சேர்க்காமல், மேலும் 160 வீடுகளுக்கான மின்சாரம்!

இன்னொன்று, நம் வானத்தில் மேகம் அதிகம். வெளிச்சம் பல திசைகளிலிருந்து சிதறி வரும். சாய்வாக வரும் ஒளியைப் பிடிப்பதில்தான் சொரசொரப்பான கண்ணாடி கெட்டி.

அப்படியானால் எல்லாக் கூரைக்கும் இதுதானா?

அவசரப்பட வேண்டாம். பல தகடுகளின் கண்ணாடியில் ஏற்கெனவே பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் கூடுதல் லாபம் குறைவு. மேடு பள்ளங்களில் தூசியும் பாசியும் தங்கினால், மழை மட்டும் கழுவிவிடாது. கழுவும் செலவு, கிடைத்த லாபத்தைத் தின்றுவிடக்கூடாது.

ஆக, கேட்கவேண்டிய கேள்வி "எவ்வளவு ஒளி உள்ளே போகிறது" என்பது மட்டுமல்ல. "நம் மழையிலும் தூசியிலும் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவ்வளவு போகுமா" என்பதும்தான்.