அழுகைக்குக் காரணம் தேடுவோம்



இந்த இதழின் மையப் பக்கங்களை, பேச முடியாத குழந்தைகளின் வலிக்காக ஒதுக்கியிருக்கிறோம். மூளை முடக்குவாதம், கடுமையான வலிப்பு நோய், மரபணுக் கோளாறு என்று காரணம் எதுவாக இருந்தாலும், இந்தப் பிள்ளைகளால் "இங்கே வலிக்குது" என்று கை காட்ட முடியாது.

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம்தான் எங்களைத் தூண்டியது. அவருடைய ஒன்பது வயது மகன் இரவெல்லாம் அழுதான், உடம்பை வில்லாக வளைத்தான், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினான். கொண்டுபோய்க் காட்டிய இடங்களில் எல்லாம், "இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தாம்மா அழும்" என்ற பதில்தான் கிடைத்தது. கடைசியில் ஒரு பல் மருத்துவர் பொறுமையாக அவன் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் சொத்தையாகி வேரில் சீழ் பிடித்திருந்தது. பல்லை எடுத்த பிறகு பையன் விடியும்வரை தூங்கினான். பல மாதம் அவன் பட்ட வேதனைக்குக் காரணம் ஒரு பல். அதை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

தேடாமல் விடும் இந்தப் பழக்கம் நம் ஊரில் மட்டும் இருப்பதல்ல. பச்சிளங்குழந்தைக்கு வலி உணரும் அளவுக்கு நரம்பு முதிரவில்லை என்று 1980-கள் வரை மேலைநாட்டு மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். 1985-இல் வாஷிங்டனில் குறைமாதக் குழந்தை ஜெஃப்ரி லாசனுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அசையாமல் கிடக்க மருந்து கொடுத்தார்கள். வலி தெரியாமல் இருக்க எதுவும் கொடுக்கவில்லை. சில வாரங்களில் குழந்தை இறந்துவிட்டது. பிறகு உண்மையை அறிந்த தாய் ஜில் லாசன் அதை ஊரறியச் சொன்னார். அதே காலத்தில், இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த், அறுவை சிகிச்சை முடிந்து வரும் குறைமாதக் குழந்தைகள் ஏன் இவ்வளவு நலிந்து வருகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளுக்கு உடலின் அதிர்ச்சி குறைந்தது, சிக்கல்களும் குறைந்தன என்று 1987-இல் அவர் குழு நிறுவியது. அதன் பிறகுதான் பச்சிளங்குழந்தைகளுக்கு வலி மருந்து கொடுக்கும் வழக்கம் பரவலானது.

பேச முடியாத பிள்ளைகளின் முறை அதற்கும் பின்னால்தான் வந்தது. கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் லின் ப்ரோ, பேட்ரிக் மெக்ராத் முதலிய ஆராய்ச்சியாளர்கள் பெற்றோர்களிடம் போய் உட்கார்ந்தார்கள். "உங்கள் பிள்ளைக்கு வலிக்கிறது என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். கிடைத்த பதில்களிலிருந்து ஒரு பட்டியல் உருவானது. 2002-இல் வெளியான அதன் திருத்திய வடிவத்தில் 30 அடையாளங்கள் இருக்கின்றன. முனகல், நெற்றிச் சுருக்கம், பல்லைக் கடித்தல், உடம்பு விறைத்தல், மூச்சை அடக்குதல், வியர்த்தல், சாப்பாடு குறைதல், தூக்கம் மாறுதல் எல்லாம் அதில் உண்டு. அசையாமல் அடங்கிக் கிடப்பதும் உண்டு. "சமர்த்தா இருக்கு" என்று நாம் நிம்மதி அடையும் நேரத்தில் பிள்ளை வலியில் உறைந்து கிடக்கலாம். இரண்டு மணி நேரம் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் என்றால் வலி இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

அதே குழு 94 பிள்ளைகளை நான்கு வாரங்கள் கண்காணித்து 2003-இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 73 பேருக்கு அந்த நான்கு வாரங்களில் ஒரு முறையாவது வலி வந்திருந்தது. பெரும்பாலானோருக்கு அடிபடாமலே வலி வந்தது. வயிறு, கிருமித்தொற்று என்று உள்ளுக்குள் இருந்து வந்த வலி அது.

தாய்மார்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை விஞ்ஞானம் இப்படித்தான் எண்ணத் தொடங்கியது. இங்கிலாந்தில் ஆராய்ச்சியாளர் ஆன் ஹன்ட் உருவாக்கி 2004-இல் வெளிவந்த இன்னொரு பட்டியலைப் பெற்றோரே கையில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த ஆராய்ச்சிகளில் மிகப் பெரியதாகத் தோன்றுவது இதுதான்: பெற்ற தாயின் கவனிப்பு மருத்துவச் சான்றாக ஏற்கப்பட்டுவிட்டது.

வலி இருக்கிறது என்று தெரிந்தால், எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு உணவு எதுக்களித்து நெஞ்சு எரியும், மலச்சிக்கல் வாட்டும். தசை இறுக்கத்தால் இடுப்பு மூட்டு மெல்ல விலகும். நடமாட்டம் இல்லாமல் எலும்பு பலவீனமாகி, உடை மாற்றும்போதே முறிந்துவிடலாம். காதில் சீழ், சொத்தைப் பல், சிறுநீரகக் கல் என்று இன்னும் எத்தனையோ. எதுவுமே தென்படாவிட்டாலும் தேடல் முடிந்துவிடுவதில்லை. வான்கூவர் நகரக் குழந்தை மருத்துவர் ஹரோல்டு சைடனும் அவர் குழுவினரும் இதற்கென்றே ஒரு படிமுறை வகுத்திருக்கிறார்கள். முதலில் பெற்றோர் சொல்வதை முழுதாகக் கேட்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதிக்கிறார்கள். பிறகு சந்தேகப்படும் இடங்களுக்கான சோதனைகள், அதிலும் பிடிபடாவிட்டால் வரிசையாகச் சில பொதுச் சோதனைகள். அப்போதும் விடை இல்லையென்றால் மருந்து கொடுத்துப் பார்ப்பது.

சில பிள்ளைகளுக்கு வலியைக் கடத்தும் நரம்புகளே அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகின்றன. பால் உள்ளே போய் வயிறு விரிவதே அவர்களுக்கு வலி. ஒரு வேளைக்குத் தரும் அளவைக் குறைத்தாலே சிலருக்கு அழுகை குறைகிறது. காபாபென்டின் போன்ற மருந்துகளும் பலன் தரலாம் என்று 2017-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் அறிக்கை வழிகாட்டியது. எந்த மருந்தானாலும் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடும் வலிக்கு மார்ஃபின் என்றதும் நம் வீடுகளில் பயம் வந்துவிடுகிறது. குழந்தைகளின் கடும் வலிக்கு அது முறையான மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்தியாவில் பல மருத்துவமனைகள் அதைக் கைவிட்டன. கேரளத்து மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் விடாமல் போராடியதில், 2014-இல் சட்டம் தளர்ந்தது. சட்டம் திறந்துவிட்ட கதவு எல்லா ஊர்களுக்கும் இன்னும் திறக்கவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளையை வளர்க்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டு வாங்குங்கள். பிள்ளை எப்போது அழுகிறது என்று நேரம் போட்டு எழுதுங்கள். சாப்பிட்ட பிறகா, படுக்க வைத்த உடனா, துணி மாற்றக் காலை விரிக்கும்போதா? படுத்ததும் அழுதால் எதுக்களிப்பாக இருக்கலாம். காலை விரித்தால் அழுகிறது என்றால் இடுப்பைப் பார்க்கச் சொல்லலாம். செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். மருத்துவரிடம் "அழுறான்" என்று மட்டும் சொல்லாமல், "வலியா இருக்குமோன்னு பாருங்க" என்று கேளுங்கள். தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

மருத்துவ வாசகர்களுக்கும் ஒன்று. பல், காது, வயிறு, இடுப்பு எல்லாம் பார்த்து முடிக்கும்வரை "அப்படித்தான்" என்று சொல்லி எந்தத் தாயையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் ஒரு ராத்திரி அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அந்த அம்மா கொஞ்சம் தூங்குவார். வலி தீர்க்கும் சிகிச்சை சலுகை அல்ல, இந்தப் பிள்ளைகளின் உரிமை. அவர்கள் சார்பில் அதைக் கேட்டுப் பெறுவோம். உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கும் இடம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்