ஸ்டார்ட் ஆகாத மெஷினும் போன விரல்களும்

"பந்த் கரேங்கே தோ ஃபிர் சாலூ நஹீ ஹோகா, சாப்." நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகாது சார். போபாலுக்கு வந்த இத்தனை வருடங்களில் நான் அதிகம் கேட்ட வாக்கியங்களில் இதுவும் ஒன்று. ஜெனரேட்டர்காரர் சொல்வார், கரும்பு ஜூஸ் கடைக்காரர் சொல்வார், நீர் இறைக்கும் மோட்டார்காரர் சொல்வார். அவர்கள் சொல்லும்போது சிரித்துவிட்டுப் போய்விடலாம். பவர் வீடர் ஓட்டுகிறவர் சொன்னால் சிரிக்க முடியாது. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு மனிதனின் கால்விரல்கள் இருக்கின்றன.

பவர் வீடர் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கையால் பிடித்து நடந்துகொண்டே ஓட்டும் குட்டி உழவு மெஷின். இங்கே அதிகம் புழங்குவது ஏழு குதிரைத்திறன் அளவிலான பெட்ரோல் எஞ்சின் வைத்தது. கீழே சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த கத்திகள். கத்தி சுழல மண் கிளறும், களை அறும், மெஷினும் நகரும். தோட்டம், காய்கறிப் பாத்தி, சோயாபீன் வரிசை எல்லாவற்றுக்கும் இதுதான். எனக்குக் கோவில்பட்டிப் பக்கம் என்பதால் இந்த மால்வா பூமியின் கரிசலைப் பார்த்தாலே சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் கரிசல் எவ்வளவு பொல்லாதது என்று எங்களுக்குத்தான் தெரியும். நனைந்தால் பசை, காய்ந்தால் கல். இரண்டு நிலையிலும் இந்த மெஷினை அது படுத்தி எடுக்கும்.

எங்கள் காலனிக்குப் பின்னால் வாடகைக்கு இந்த மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பையன் ஒருவனுக்கு இரண்டு வருடம் முன்பு இடது காலில் இரண்டு விரல் போனது. வயது இருபத்திரண்டோ மூன்றோ. ரிவர்ஸ் போட்டுப் பின்னால் வந்தபோது வரப்பு தடுக்கி விழுந்தான். கையை லீவரிலிருந்து எடுத்தான். மெஷின் நிற்கவில்லை. காரணம், லீவரைச் சைக்கிள் டியூப் துண்டால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கட்டியது அவன் இல்லை, மெஷினின் சொந்தக்காரர். "லாபர்வாஹி", கவனக்குறைவு என்று எல்லோரும் அந்தப் பையனைத்தான் சொன்னார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில். இருபது வருடமாக உடைந்ததைச் சரிசெய்வதும், ஏன் உடைந்தது என்று எழுதுவதும்தான் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மாதிரி விபத்து வயலில் நடப்பதாகத் தோன்றும். உண்மையில் அது பல வாரம் முன்பே கொட்டகையில் ஆரம்பித்துவிடுகிறது. பாதுகாப்பு தனி, பராமரிப்பு தனி என்று நாம் நினைப்பதுதான் கோளாறு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அந்த லீவர். பல மாடல்களில் அதை அழுத்திப் பிடித்தால்தான் கத்தி சுழலும், விட்டால் நிற்கும். (சில மாடல்களில் பைக் கிளட்ச் மாதிரி நேர்மாறாக இருக்கும். வாங்கும்போதே உங்களுடையது எந்த வகை என்று பார்த்து வையுங்கள்.) விழுந்தால் கை தானாக விடும், விட்டால் மெஷின் நிற்கும். இதைவிட எளிமையான பாதுகாப்பு கிடையாது. கத்தி நிமிடத்துக்கு 120 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு இரண்டு சுற்று. ஆபத்து என்று மூளைக்கு எட்டி கை லீவரை விட அரை வினாடி. அதற்குள்ளேயே ஒரு முழுச் சுற்று முடிந்துவிடும். லீவரைக் கட்டிவிட்டால் எழுந்து சுவிட்சைத் தேட வேண்டும். அதற்கு எத்தனை சுற்று என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் கட்டுகிறார்கள்? கை வலிக்கிறது, அதனால். ஏன் வலிக்கிறது? கேபிளில் ஒரு வருடமாக ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை. மண்ணும் துருவும் ஏறி இறுகிவிட்டது. புது மெஷினில் இரண்டு விரலால் அழுத்திய லீவரை இப்போது முழுக் கையால் நசுக்க வேண்டியிருக்கிறது. அரை மணி நேரம் பிடித்துப் பாருங்கள், உங்களுக்கே டியூப் துண்டு ஞாபகம் வரும். ஆக அந்த இரண்டு விரல்களின் விலை, கேபிளுக்குள் விடாத சில சொட்டு எண்ணெய்.

அடுத்து, தலைப்பில் உள்ள விஷயம். கத்தியில் கொடியோ சாக்கு நூலோ புடவைத் துண்டோ சுற்றிக்கொள்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று ஓட்டுகிறவருக்கும் தெரியும். ஆனால் நிறுத்தினால் கயிற்றை இருபது தடவை இழுக்க வேண்டும், அப்போதும் ஸ்டார்ட் ஆகுமா என்பது சந்தேகம். அதனால் எஞ்சின் ஓட ஓடக் குனிந்து கையை விடுகிறார். இதற்கு அசட்டுத் துணிச்சல் என்று பெயர் வைப்பது சுலபம். அவரைப் பொறுத்தவரை அது நேரக் கணக்கு.

ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? பெரும்பாலும் பழைய பெட்ரோல்தான். இந்த மெஷின் தினமும் ஓடுவது இல்லை. ஆவணி முடிந்தால் மூலையில் போட்டுவிட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் எடுப்பார்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகிச் சின்ன துவாரத்தை அடைக்கும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. 2025ல் நாடு முழுக்க அதுவே சாதாரண பெட்ரோல் ஆகிவிட்டது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் தண்ணீரைத்தான். சின்ன எஞ்சின்களின் மேனுவல்கள் பலவற்றில் 10 சதவீதம் வரைதான் எத்தனால் என்று போட்டிருக்கும். ரப்பர் குழாயும் கேஸ்கட்டும் ஊறி உப்புவது, வெடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. எத்தனால் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நம் பங்கில் அதுதான் கிடைக்கிறது என்றால் அதற்கேற்ற மாதிரி நாம் நடந்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலில் வேண்டாம், இரும்புக் கேனில். பல நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, ஃப்யூயல் காக்கை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும். ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்து இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். இப்படி வைத்த மெஷின் இரண்டு மூன்று இழுப்பில் உயிர் பெறும். நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், கொடி சிக்கும்போது மனிதன் தானாகவே நிறுத்துவான். நூறு எச்சரிக்கை ஸ்டிக்கர் செய்யாத வேலையை ஒரு சுத்தமான கார்புரேட்டர் செய்யும்.

நிறுத்திய பிறகும் ஒரு வேலை பாக்கி: பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். கத்தியைக் கையால் திருப்பும்போது எஞ்சினும் சேர்ந்து திரும்பினால் ஒரு வெடிப்பு போதும். எங்கள் தொழிற்சாலையில் மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே கை வைப்போம். இந்த மெஷினுக்கு அந்தப் பூட்டு, பிளக் தொப்பிதான். செலவு பூஜ்யம்.

மூன்றாவது, கத்தி. தேய்ந்த கத்தி மண்ணைக் கடிக்காது. காய்ந்த கரிசலில் அது மண்ணுக்குள் இறங்காமல் மேலே ஏறிக்கொண்டு மெஷினையே முன்னால் துள்ள வைக்கும். ஓட்டுகிறவர் இன்னும் த்ராட்டில் கொடுப்பார், இன்னும் துள்ளும். கத்தியில் இடது வலது என்று உண்டு. மாற்றி மாட்டினாலும் இதே கதைதான். பின்னால் தொங்கும் ஆழக் கம்பியைத் தேவையில்லாத இரும்பு என்று கழற்றி வீசுகிறவர்கள் உண்டு. அதுதான் மெஷின் ஓடாமல் பிடித்து வைத்து ஆழமாக உழ வைக்கிறது. கெட்டி மண்ணில் ஒரே தடவையில் முழு ஆழம் போகாதீர்கள். முதல் நாள் லேசாகத் தண்ணீர் காட்டி, இரண்டு மூன்று ஓட்டமாகப் போங்கள்.

நான்காவது, எண்ணெய். புது மெஷின் பெரும்பாலும் எஞ்சின் ஆயில் இல்லாமலே வரும். கடைக்காரர் சொல்ல மறந்தால் முதல் நாளே கதை முடிந்தது. இந்தச் சின்ன எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சின்ன கரண்டி எண்ணெயை வாரி இறைப்பதுதான் எல்லாம். அளவு குறைந்தாலோ, மெஷின் அதிகம் சாய்ந்தாலோ கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. அரை லிட்டர் சொச்சம்தான் கொள்ளளவு, அதனால் சீக்கிரம் கறுக்கும். பொதுவாக முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இந்த ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் அதற்கு முன்பே மாற்றினால் புண்ணியம். ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து லேசாக எண்ணெய் தொட்டுப் பிழிந்து மாட்டுங்கள். பேப்பர் ஃபில்டரைத் தட்டினால் போதும், கழுவக் கூடாது.

மற்றவை உங்களுக்கே தெரிந்தவைதான். ரிவர்ஸ் போடும் முன் திரும்பிப் பாருங்கள். சுவர், மரம், வரப்பு இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் இழுங்கள். செருப்போடு ஓட்டாதீர்கள், லுங்கி, துப்பட்டா, தொங்கும் துண்டு வேண்டாம். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். மூடிய கொட்டகையில் ஸ்டார்ட் செய்து சோதிக்காதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இதையெல்லாம் யார் ஓட்டுகிறவருக்குச் சொல்வது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2014-15ல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் இதற்கு 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. 2025 செப்டம்பரில் உழவு இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆள் கிடைக்காத ஊரில் இந்த மெஷின் சிறு விவசாயிக்கு வரப்பிரசாதம். ஆனால் மெஷின் கைமாறும் அன்று கடையில் நடப்பது என்ன? பில், போட்டோ, ஆதார் நகல், ஒரு இழுப்பு ஸ்டார்ட், லட்டு. ஆங்கிலத்தில் ஒரு மேனுவல், அது நேராகப் பரணுக்குப் போகும். வாங்குகிறவர் ஒருவர், ஓட்டப்போகிறவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் அந்தக் கடைப் பக்கமே வருவதில்லை.

இந்த நாட்டில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. கதிரடிக்கும் மெஷின்களில் கை போய்க்கொண்டிருந்த காலத்தில், 1983ல், ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே வந்தது. போபாலிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் நர்மதைக் கரையில் புத்னி. அங்கே 1955லிருந்து பண்ணை இயந்திரங்களுக்கான பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது. நம் கோவையிலும் மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. அது கடை வாசலைத் தாண்டி வயலுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

என் யோசனை சின்னது. ஓட்டப்போகிறவர் நேரில் வந்து, அவர் மொழியில் ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டு, நிறுத்தி, தொப்பி கழற்றி, மீண்டும் ஸ்டார்ட் செய்து காட்டினால்தான் மானியப் பணம் கடைக்காரருக்குப் போக வேண்டும். பெட்டியிலேயே ஒரு உபரி கேபிளும் ஒரு பிளக்கும் வைத்துத் தர வேண்டும். "இதெல்லாம் நடக்கிற காரியமா" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆதார் நகலை வாங்க முடிகிறவர்களால் இதையும் வாங்க முடியும் என்றேன். "கூலிக்காரனுக்கு எங்கே நேரம்" என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்க நேரம் இருந்ததே!

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். உங்கள் வீட்டிலோ ஊரிலோ இந்த மெஷின் இருந்தால், அடுத்த முறை போகும்போது லீவரை ஒருதரம் அழுத்திப் பாருங்கள். இறுகியிருந்தால் எண்ணெய் விடுங்கள். டியூப் துண்டு கட்டியிருந்தால் யாரையும் கேட்காமல் அறுத்து எறியுங்கள். சொந்தக்காரர் திட்டுவார், திட்டட்டும்.

டிஸ்கி: அந்தப் பையன் இப்போது ஒரு டீக்கடையில் நிற்கிறான். மெஷின் வேறு ஒருவரிடம் வாடகைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. டியூப் துண்டுக்குப் பதில் இப்போது நைலான் கயிறு. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கயிறுதான்.