ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்!

மண்ணூர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் நினைவிடம்னா சும்மா தாண்டிப் போற இடம். போன வாரம் ஒரு செகண்ட் இயர் தம்பி திடீர்னு கேட்டான். "அண்ணே, நம்ம முன்னாள் பிரதமரையே கொல்ற அளவுக்கு அவங்களுக்கு என்ன கோபம்?"

கதை 1991 மே 21-ல் தொடங்கலை பாஸ். நாலு வருஷம் பின்னாடி போகணும்.

1987 ஜூலை 29. கொழும்பில் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டாங்க. அமைதிப்படை இலங்கைக்குப் போச்சு. ஆயுதங்களை வாங்கி வைக்கணும், அவ்வளவுதான் வேலை. புலிகள் மாட்டேன்னு சொன்னா? ரெண்டு வாரத்தில் அடக்கிடலாம்னு ராணுவத் தளபதி சுந்தர்ஜி சொன்னதா, அப்போ அங்கே தூதரா இருந்த ஜே.என். தீட்சித் பின்னாளில் எழுதினார். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி நாம போடுற அதே கணக்கு! இத்தனைக்கும், 1983-க்கு அப்புறம் அந்தப் பசங்களுக்குப் பயிற்சி கொடுத்ததே நம்ம உளவுத்துறைதான்.

அக்டோபர் 11 நள்ளிரவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கி, புலித் தலைவர்களை அமுக்கிடலாம்னு திட்டம். விஷயம் முன்கூட்டியே தெரிஞ்சு புலிகள் காத்திருந்தாங்க. இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேர். 29 பேர் செத்தாங்க, ஒருத்தர் பிடிபட்டார். பலருக்கு நம்ம வயசுதான் இருந்திருக்கும்.

பத்து நாள் கழிச்சு, தீபாவளியன்னிக்கு, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளே டாக்டர், நர்ஸ், நோயாளின்னு 60 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. உள்ளேயிருந்து எங்களைச் சுட்டாங்கன்னு ராணுவம் சொல்லிச்சு. உயிர் தப்பிய ஊழியர்கள் சொன்னது வேற. ஆரத்தி எடுத்து வரவேற்ற ஊர் அது. அதுக்கப்புறம் எந்த வீட்டுக் கதவு திறக்கும்?

நகரம் கைக்கு வந்துச்சு. புலிகள் வன்னிக் காட்டுக்குள்ளே போயிட்டாங்க. 1989-ல் இன்னும் கூத்து. தமிழ் தேசிய ராணுவம்னு ஒண்ணை உருவாக்க, ரோட்டில் போற பையன்களைப் பிடிச்சு வண்டியில் ஏத்தினாங்க. இன்னொரு பக்கம் இலங்கை அதிபர் பிரேமதாசா, நம்ம படையை அடிக்கப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார்!

1990 மார்ச் 24-ல் கடைசிப் படையும் கிளம்பியது. ரெண்டு வார வேலை, ரெண்டரை வருஷம் தாண்டி, சுமார் 1,200 இந்திய வீரர்களைத் தின்னிருந்துச்சு. செத்த தமிழர்கள் எத்தனை ஆயிரம்னு யாரும் ஒழுங்கா எண்ணலை. திரும்பி வந்த படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகலை.

"அப்போ கொலையை நியாயப்படுத்துறீங்களாண்ணே?"

இல்லடா. அந்த ராத்திரி ராஜீவோட செத்தவங்க பத்துப் பேருக்கு மேல். டூட்டியில் இருந்த போலீஸ்காரங்க. அவருக்குக் கவிதை வாசிச்சுக் காட்ட வந்த ஒரு சின்னப் பொண்ணு, அவ அம்மா.

தம்பி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஞாயித்துக்கிழமை உள்ளே போய்ப் பார்த்துட்டு வரலாமாண்ணே?"ன்னான்.