வார்டை நடத்துபவர் மருத்துவமனையை நடத்தக் கூடாதா?

உலகின் சுகாதாரப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதத்தினர் பெண்கள். உயர் பொறுப்புகளிலோ பெண்கள் கால்வாசிதான். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு இது. இத்துறையில் பெண்களின் ஊதியம் ஆண்களைவிட ஏறத்தாழ 24 சதவீதம் குறைவு என்று அந்நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2022-இல் கூறின. பெண்களுக்கு நிர்வாகத்தில் நாட்டமில்லை என்ற சமாதானத்தை இனியும் ஏற்பதற்கில்லை.

இரவு டூட்டியில் இருக்கும் ஒரு தலைமைச் செவிலியரைப் பாருங்கள். கட்டில் எதுவும் காலியில்லை. வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் ஒரு நோயாளி காத்திருக்கிறார். வரவேண்டிய நர்ஸ் திடீரென லீவு. ஆக்சிஜன் சிலிண்டர் விடியும்வரை தாங்குமா என்று பார்த்து, மருந்துக்கு இன்டென்ட் எழுதி, பதறி நிற்கும் உறவினருக்கும் பதில் சொல்ல வேண்டும். நிர்வாகம் என்பது இதைவிட வேறென்ன? ஆனால் பதவி உயர்வின்போது இந்த அனுபவம் கணக்கில் வருவதே இல்லை. பெரும்பாலான செவிலியர்களின் உயர்வு, கண்காணிப்பாளர் பதவியை எட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. டீன் நாற்காலி டாக்டர்களுக்கு. தனியார் மருத்துவமனைகளிலோ மேலாண்மைப் பட்டத்தோடு வெளியிலிருந்து வருபவர்களுக்கு.

பெண் டாக்டர்களுக்கும் பாதை எளிதல்ல. நிர்வாகப் பொறுப்புகளுக்கு அடித்தளம் போட வேண்டிய வயதும் பிள்ளை வளர்க்கும் வயதும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

திறமை போதாது என்று தமிழ்நாட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை வளர்த்தெடுத்தவர் ஐடா ஸ்கடர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. அதைப் பல்லாண்டு வழிநடத்தியவர் சாந்தா. இவர்களைப் போற்றி விழா எடுக்கும் நாம், அடுத்து வருபவர்களுக்கு ஏன் வழிவிடக் கூடாது?

அரசு மருத்துவமனைகளே முதலில் மாறட்டும். நீண்ட அனுபவமுள்ள செவிலியர்கள் மருத்துவமனை நிர்வாகப் படிப்பை முழுச் சம்பளத்துடன் முடிக்க வழி செய்து, நிர்வாகப் பதவிகளுக்கு அவர்களும் போட்டியிட விதிகளைத் திருத்த வேண்டும். பேறுகால விடுப்பு பணிமூப்பைக் குறைக்கக் கூடாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. மருத்துவமனையில் அது இரவிலும் திறந்திருந்தால்தான் பயன். அரசு, தனியார் என்ற பேதமின்றி, எந்தப் பதவியில் எத்தனை பெண்கள், என்ன சம்பளம் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் ஆண்டுதோறும் வெளியிட அரசு ஆணையிட வேண்டும்.