மங்களூர் தந்த பாடம்

2010 மே 22 காலை. துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் பிழைத்தவர்கள் 8 பேர். தரையிறங்காமல் மீண்டும் மேலெழும்படி துணை விமானி எச்சரித்தும் தலைமை விமானி கேட்கவில்லை என்றது விசாரணை அறிக்கை.

அதற்குப் பின் நடந்ததுதான் இன்னும் வேதனை. சர்வதேச விமானப் பயணிகளுக்கான இழப்பீட்டை வரையறுக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையை இந்தியா 2009-இலேயே ஏற்றிருந்தது. அதன்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது 75 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2011-இல் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். அதே ஆண்டில் அந்த நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது; இழப்பை நிரூபித்தால்தான் பணம் என்றது. மகனைப் பறிகொடுத்த பெற்றோர் சம்பளச் சீட்டைத் தேடி அலைய வேண்டுமா?

ஒரு குடும்பத்துக்கு 7.64 கோடி ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2020 மே மாதத்தில். சம்பளத்தோடு சேர்ந்த படிகளையும் வருமானமாகக் கணக்கிட வேண்டும் என்று சொல்லவே பத்து ஆண்டுகள் ஆயின. விபத்து நடந்த சில வாரங்களுக்குள் இடைக்கால இழப்பீடு, தீர்ப்புக்குக் கால வரம்பு: இரண்டையும் மத்திய அரசு சட்டத்திலேயே எழுத வேண்டும்.