தராசும் வாக்குச்சீட்டும்

துனிசியா நாட்டின் சிதி பூசித் நகரிலே, 2010 டிசம்பர் 17 அன்று, தள்ளுவண்டியில் பழம் விற்றுப் பிழைத்த ஓர் இளைஞனின் தராசை நகராட்சி அலுவலர்கள் பறித்துச் சென்றனர். முறையிடச் சென்றான், செவிமடுப்பார் இல்லை. ஆளுநர் மாளிகையின் முன் தன் உடலுக்குத் தானே தீயிட்டுக்கொண்டான். முகம்மது புவாசிசி அவன் பெயர், வயது 26.

தராசு சிறு பொருள்தான். ஆயினும் அதன் தட்டிலே ஓர் ஆட்சியே நிறுக்கப்பட்டது! 1987 முதல் கோலோச்சிய பென் அலி, 2011 சனவரி 14 அன்று நாட்டைவிட்டே ஓடினார். "வேலை, விடுதலை, தன்மானம்" என்று வீதியெல்லாம் முழங்கிய மக்கள், அவ்வாண்டு அக்டோபரிலேயே அரசியல் நிர்ணய சபைக்கு வாக்களித்தனர். 2014இல் புதிய அரசியல் சட்டம் பிறந்தது. எண்ணவும் பேசவும் எழுதவும் உரிமை உண்டு, முன்தணிக்கை கூடாது என்று அதன் 31ஆம் பிரிவு உறுதி கூறிற்று. நேற்றுவரை வாய்பொத்திக் கிடந்தோர், ரொட்டியின் விலையையும் அமைச்சரின் போக்கையும் ஒரே மூச்சில் எழுதினர், பேசினர். அரபு நாடுகளின் விடிவெள்ளி என வையம் வாழ்த்திற்று.

தோழர்களே, பிறகு நடந்ததென்ன? வாய்க்கு விடுதலை வந்தது, வயிற்றுக்கு வரவில்லை! அரசுகள் மாறின, அங்காடியின் நிலை மாறவில்லை. பட்டம் பெற்ற இளைஞர் வேலையின்றித் திரிந்தனர். பலர் படகேறிக் கடல் கடக்கத் துணிந்தனர். மன்றத்திலே கட்சிகள் மல்லுக்கு நின்றன. மக்கள் மனமோ மன்றத்தைவிட்டு விலகிற்று. 1984 சனவரியில், ரொட்டி விலை உயர்வை எதிர்த்துக் கொதித்தெழுந்து, அன்றைய தலைவர் புர்கிபாவையே பணிய வைத்த மக்கள் அவர்கள். அதைக் கட்சிகள் மறந்தன.

2019இல் பெருவாரி வாக்குகள் பெற்றுவந்த கைஸ் சையத், 2021 சூலை 25 அன்று நாடாளுமன்றத்தை முடக்கினார். அன்றிரவு தெருவில் திரண்ட பலர் அழவில்லை, ஆர்ப்பரித்தனர்! அதுதான் அவலத்திலும் அவலம். மறு ஆண்டு 54ஆம் ஆணைச்சட்டம் வந்தது. பொய்ச்செய்தி பரப்பினார் என்று குற்றம் சாட்டி ஐந்தாண்டு வரை சிறையிலடைக்க அது வழிசெய்தது. செய்தியாளரும் வழக்கறிஞரும் கம்பி எண்ணினர். 2022 டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தோர், நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரே!

ரொட்டிக்காக உரிமையை விட்டுக்கொடுத்தோருக்கு ரொட்டியேனும் மலிந்ததா? 2023இல் ரொட்டிக் கடைகளின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. குறையைச் சொல்லும் நாவைக் கட்டிவிட்டால், குறை தீருமா? மறையும், மறைந்து வளரும்.

உரிமையும் உணவும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள். ஒன்று கழன்றால் மற்றது உருளாது. மக்களாட்சியைக் காப்பது ஏட்டிலுள்ள சட்டம் மட்டுமன்று. சந்தையிலே தராசு பிடித்து நிற்பவன், "இது என் ஆட்சி" என்று கருதும் நம்பிக்கையும் ஆகும். அந்த நம்பிக்கை தளருமுன் அவனிடம் செல்வதே கட்சித் தொண்டனின் கடமை. மேடையில் பேசுவது எளிது. தள்ளுவண்டியின் அருகே நின்று கேட்பது அரிது. அரியதைச் செய்வோம்!