பின்புறத்தைத் தூக்கினால் மலை ஏறுமா?

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் சொந்தமாக ஒரு பழைய பிக்அப் வண்டி வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பெருகி வருகிறார்கள். கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கைக் கீழே சின்னசேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கொண்டு சேர்க்கவும், உரமும் விதையும் மேலே கொண்டு போகவும் இந்த வண்டி உதவுகிறது. வாடகை மிச்சம், வேண்டிய நேரத்தில் வண்டி வாசலில் நிற்கும். ஆனால் இவற்றில் சில வண்டிகளின் பின்புறத்தை உயர்த்தி, பெரிய டயர் மாட்டிக்கொள்ளும் பழக்கமும் கூடவே வந்திருக்கிறது. இது இலாபமா நஷ்டமா என்று விவசாயிகள் ஆற அமர யோசிக்க வேண்டும்.

உயர்த்துவதற்குப் பட்டறைகளில் பல வழிகள் உண்டு. ஸ்பிரிங் கட்டில் கூடுதல் பட்டை சேர்ப்பது ஒன்று. அச்சுக்கும் ஸ்பிரிங் கட்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு முடுக்குவது மற்றொன்று. ஷேக்கிலை நீளமாக்குவது மூன்றாவது. இவற்றால் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இடைவெளி கிடைக்கும். அதில் பெரிய டயர் ஏறும். பாறையும் பள்ளமுமான மண் பாதையில் அடி தட்டாது, கூடுதல் மூட்டை ஏற்றலாம் என்பதுதான் எண்ணம்.

கிடைப்பது எவ்வளவு?

பின்புறத்தைத் தூக்குவதால் உயர்வது வண்டியின் உடல் மட்டுமே. பாறையில் முதலில் தட்டுவது பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் கிரவுன் பெட்டி. அது அச்சோடு இருப்பது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது இருந்த இடத்தில்தான் இருக்கும். அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். அதிலும் 27 அங்குல உயர டயரைக் கழற்றி 29 அங்குல டயர் மாட்டினால், அச்சு உயர்வது ஒரே ஓர் அங்குலம். இந்த ஓர் அங்குலத்துக்காகக் கொடுக்கும் விலையைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்த 29 அங்குல டயர் ஒரு சுற்றில் 7 சதவிகிதத்துக்குச் சற்று அதிகமான தூரம் ஓடும். ஏற்றத்தில் இழுவை அந்த அளவுக்குக் குறையும். முன்பு இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் கேட்கும். கிளட்ச் தேயும், டீசல் கூடும். இறக்கத்தில் இதைவிட ஆபத்து. கியரில் வைத்து எஞ்சினால் வண்டியைப் பிடித்து இறக்கும் பிடிப்பும் அதே அளவு குறைவதால், பிரேக்கை அதிகம் மிதிக்க நேரும். பிரேக் சூடேறினால் பிடிப்பு போகும். மீட்டர் 40 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 43இல் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. பல பிக்அப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிசுக்கும் இடையே ஒரு பிரேக் வால்வு இணைக்கப்பட்டிருக்கும். சுமை ஏறி உடல் தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாகி உடல் உயர்ந்தால் குறைக்கும். பின்புறத்தைத் தூக்கிவிட்டால், ஒன்றரை டன் கிழங்கு ஏற்றியிருந்தாலும் வண்டி காலியாக இருக்கிறது என்றே அந்த வால்வு கணக்கிடும். முழுச் சுமையோடு மலை இறங்கும் நேரத்தில் பின் பிரேக் அரைகுறையாகப் பிடிக்கும். பிரேக் குழாய் இழுபட்டு நிற்பதும், ஓட்டுத்தண்டின் சிலுவை மூட்டுச் சீக்கிரம் தேய்வதும் இதோடு சேர்ந்தவை.

எடை உயரத்தில் நின்றால் வளைவில் வண்டி சாய்வதும் எளிது. பட்டை கூட்டியதால் சுமை தாங்கும் சக்தி கூடிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. பட்டைதான் கூடியது, அச்சு, பேரிங், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையவையே. காலியாகத் திரும்பும்போது விறைத்த பட்டை வண்டியைக் குதிக்க வைத்துச் சக்கரத்தின் பிடிப்பையும் கெடுக்கும்.

மலைப்பாதையில் பிடி தவறிய வண்டி என்ன விலை கேட்கும் என்பதை நாடு பார்த்திருக்கிறது. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் செம்பரை மலைக்கோயிலுக்கு ஆள்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் மாண்டனர். கிழங்கு மூட்டையின்மேல் கூலியாள்களை உட்கார வைத்து இறக்கும் வழக்கம் உள்ள ஊர்களில் இதை மறக்கக் கூடாது.

சட்டம் சொல்வது

பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். சரக்கு வண்டியின் பதிவில் டயர் அளவும் எழுதப்பட்டிருக்கும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதிலும் வில்லங்கம் வரலாம்.

செய்ய வேண்டியது

வண்டியின் பின்புறம் தாழ்ந்திருந்தால் பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள். தளர்ந்த பட்டையையும் தேய்ந்த புஷ்களையும் மாற்றிப் பழைய உயரத்துக்குக் கொண்டு வந்தாலே பாதிக் குறை தீரும். டயர் அளவை மாற்றாமல், ஆழமான பள்ளமும் மேடும் கொண்ட டயரைப் பின்னால் போடலாம். சேற்றில் பிடிப்புத் தருவது உயரம் அன்று, டயரின் வெட்டுதான். கனமான மூட்டை அடியில் இருக்கட்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது நல்லது. இரண்டு நடையாகப் போவது நஷ்டம் போலத் தோன்றும். ஒரு கிரவுன் உடைந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நஷ்டமில்லை.

ஆனால் குற்றத்தை வண்டிக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமன்று. யாரும் ஆசைக்காக வண்டியைத் தூக்கவில்லை. தார்ச்சாலையிலிருந்து சிற்றூருக்குப் பிரியும் மண் பாதைதான் தூக்க வைக்கிறது. காட்டு நிலம் என்று சொல்லிச் சாலைக்குத் தடை வரும் இடங்களில், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு வழி திறந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், சாலைக்கு ஒதுக்கலாம்; அதற்குக் கிராமசபையின் பரிந்துரை வேண்டும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக வழக்கு எடுத்தது. கேட்பதற்கு இது தக்க காலம்.

பட்டறையில் கூடுதல் பட்டைக்குச் செலவிடும் பணமும் நாளும் ஒரு வண்டியின் உடலைத்தான் உயர்த்தும். ஊர் கூடி நிறைவேற்றும் ஒரு தீர்மானம் பாதையை உயர்த்தினால், எல்லா வண்டிகளும் தாழ்ந்த நிலையிலேயே பத்திரமாக இறங்கும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராமசபை கூடுகிறது. மலைப்பக்கத்து விவசாயிகள் அந்த நாளில் கிழங்கு ஏற்றாமல் சபைக்குப் போய், எந்தப் பாதை, எத்தனை தூரம் என்று எழுத்தில் கொடுப்பது நல்லது.